பாப்பாவுக்கு, கிரீட் தீவிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்காலும் நலம், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

"முகம் தெரியாதவங்க வீட்ல எப்படிம்மா படுத்துத் தூங்கின?" என்று போனில் கேட்டாய். அதற்குப் போனில் பதில் சொல்லிவிட முடியாது. நீ பாதியிலேயே பயப்பட ஆரம்பித்துவிடுவாய், நான் உன்னைச் சமாதானப்படுத்துவதிலேயே நேரம் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடம் ஒரு காரியமும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அய்வலிக் ஊரில் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். துருக்கியின் மேற்குக் கரையில், இஸ்மீரிலிருந்து வடக்கே பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ஆலிவ் எண்ணெய்க்குப் பேர்போன ஊர். "மத்திய தரைக்கடல் காலநிலை: வறண்ட கோடை, மழையுள்ள குளிர்காலம்" என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்த முதல் மழை என் தலைமேலேயே பெய்தது. கல் பாவிய சந்துகளில் விடுதியைத் தேடிக்கொண்டிருந்தபோது சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கினேன். கதவு திறந்தது. எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா. என் முகத்தைப் பார்த்தார், முதுகுப் பையைப் பார்த்தார், நனைந்த காலைப் பார்த்தார். யார் என்றுகூடக் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே போனதும் வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள். தெருச் செருப்பு வாசலோடு சரி. அப்புறம் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனையுள்ள கொலோன்யா என்கிற வாசனைத் தண்ணீர் ஊற்றினார்கள். நம் கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பதைப் போல, அங்கே எந்த விருந்தாளிக்கும் அது உண்டு. பிறகு தேநீர். அடுக்குக் கெட்டிலில் கீழே வெந்நீர், மேலே கெட்டியான சாறு, இரண்டையும் அவரவருக்கு வேண்டிய அளவில் கலந்து சின்னக் கண்ணாடிக் குவளையில் தருகிறார்கள். பால் கிடையாது. குவளை காலியானால் கேட்காமலே நிரப்புகிறார்கள். போதும் என்றால் ஸ்பூனைக் குவளை வாயின் குறுக்கே வைத்துவிட வேண்டும்.

சாயங்காலம் அவருடைய பேத்தி வந்தாள். இஸ்மீரில் கட்டடக் கலை படிக்கிற பெண், நன்றாக ஆங்கிலம் பேசுகிறாள். நான் விடுதியில் பணம் கட்டியிருக்கிறேன் என்று சொன்னதும் அவளே விடுதிக்குப் போன் செய்து, நாளைக்கு வருவார் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் உனக்கு அந்த வீட்டின் இருப்பிடமும் பேத்தியின் போன் எண்ணும் அனுப்பினேன். அது உனக்குப் பதற்றம் கொடுக்கும் என்று தெரிந்தும் அனுப்பினேன். நான் எங்கே இருக்கிறேன் என்று என் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராத்திரி எலுமிச்சை பிழிந்த பருப்பு சூப், ரொட்டி, ஆலிவ் எண்ணெயில் வெந்த பீன்ஸ், அப்புறம் பேர் தெரியாத காட்டுக் கீரை. அந்தக் கீரையைச் சாப்பிடும்போதுதான் கதை வந்தது. அந்த அம்மாவின் குடும்பம் கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலிருந்து வந்ததாம். மலையில் முளைக்கிற கீரையெல்லாம் பறித்துச் சமைப்பார்கள் என்பதால், "இவர்கள் மாட்டுக்குப் புல் மிச்சம் வைக்க மாட்டார்கள்" என்று ஊரார் கேலி செய்வார்களாம்.

நான் வாழ்நாளெல்லாம் புவியியல் சொல்லிக்கொடுத்தவள். இந்தக் கரையில் நடந்தது நம் பாடப்புத்தகத்தில் இருந்ததே இல்லை. 1923-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. இரண்டு நாடுகளுக்கும் நடந்த போரில் முன்பே ஓடிவந்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 12 லட்சம் பேர் அந்தப் பக்கம், 4 லட்சத்துக்கு நெருக்கமானவர்கள் இந்தப் பக்கம். மதம் ஒன்றைத்தான் பார்த்தார்கள், மொழியைப் பார்க்கவில்லை. கிரீட்டின் முஸ்லிம்கள் வீட்டில் பேசியது கிரேக்கம். துருக்கிக்கு வந்தபோது பலருக்குத் துருக்கி மொழியே தெரியாது. "பாதிக் காஃபிர்" என்று பேர் வாங்கினார்கள். அந்தப் பக்கம் போன கிறிஸ்தவர்களை அங்கே இருந்தவர்கள் "துருக்கி விதை" என்று ஏசினார்கள். அய்வலிக்கில் கடிகார மசூதி என்று ஒன்று இருக்கிறது. முன்பு கடிகாரக் கோபுரத்தோடு இருந்த கிரேக்கத் தேவாலயம் அது. ஊரே அப்படித்தான், வீடுகள் போனவர்களுடையவை, குடியிருப்பவர்கள் வந்தவர்கள்.

மழையில் நின்றவளைக் கேள்வி கேட்காமல் உள்ளே கூட்டிப் போன அந்த அம்மா, அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய அப்பா சிறுவனாக ரெதிம்னோ என்ற ஊரிலிருந்து கப்பலேறியவர். சாகும்வரை ஒரு நீரூற்றைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாராம். சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் விழும் என்று. நான் கிரீட்டுக்குத்தான் போகிறேன் என்று பேத்தி சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு எழுந்துபோய் எனக்குப் படுக்கை விரித்தார்.

நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்டாய். நிம்மதியாகத் தூங்கினேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, பாப்பா. யார் கூப்பிட்டாலும் போய்விடுகிறவள் இல்லை நான். இஸ்தான்புல்லில் சுல்தானஹ்மத் பக்கம் நல்ல ஆங்கிலத்தில் "எந்த ஊர், எத்தனை பிள்ளைகள்" என்று ஒருவர் கூடவே நடந்து வந்தார். தேநீர் சாப்பிடலாம் என்றார். இப்படிப் பேச்சுக் கொடுத்துக் கம்பளக் கடையில் கொண்டுபோய் உட்கார வைப்பது அந்தப் பகுதியில் நெடுங்கால வழக்கம். நன்றி சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். நான் பார்ப்பது சில விஷயங்கள். நாலு பேர் பார்க்கக் கூப்பிடுகிறார்களா, வீட்டில் பெண்களும் வயதானவர்களும் இருக்கிறார்களா, நான் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்களா? சுற்றுலாக்காரர்கள் கூடுகிற இடத்தில் தேடி வருகிறவர்களைவிட, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்து என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்துகிறவர்களை நம்புவேன். படுக்க வேறு இடம் எப்போதும் பதிவு செய்து வைத்திருப்பேன், போக்கிடம் இல்லாமல் யார் வீட்டுக்குள்ளும் காலடி வைப்பதில்லை.

விருந்தாளிக்கும் கடமைகள் இருக்கின்றன. இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். இங்கே பணம் கொடுத்தால் அது அவமானம். கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், உட்கார வேண்டும், பசியில்லை என்றாலும் ஒரு வாய் சாப்பிட வேண்டும். காலையில் எழுந்து படுக்கையை மடித்துவிட்டு, தடுத்தாலும் பாத்திரத்தில் கைவைக்க வேண்டும். சின்னாளப்பட்டியில் சுங்குடித் துணியைத் துண்டு துண்டாக வாங்கிப் பையில் போட்டபோது எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான். எடை இல்லை, உடையாது, எந்த வீட்டிலும் ஒரு மேஜை மேல் விரித்துக்கொள்ளலாம். புள்ளி ஒவ்வொன்றும் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது என்று விரலால் காட்டினேன். அந்த அம்மா புள்ளிகளைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அய்வலிக்கிலிருந்து எதிரே தெரிகிற லெஸ்போஸ் தீவுக்குப் படகு உண்டு. படகில் கொஞ்ச நேரம்தான், ஆனால் நாடு மாறிவிடுகிறது. 2015-இல் சிரியா, ஆப்கானிஸ்தான் அகதிகள் ரப்பர் படகுகளில் கடந்த கடல் இதுதான். அந்த ஒரே ஆண்டில் கடல் வழியாகக் கிரேக்கத்துக்கு 8 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள், அவர்களில் பாதிக்கும் மேல் இந்தத் தீவில் கரையேறினார்கள். வடக்கே ஸ்காலா சிகாமினியாஸ் என்ற மீனவக் கிராமத்துக்குப் போனேன். மீன் பிடிக்கப் போனவர்கள் மனிதர்களைத் தூக்கி வந்தார்கள், பாட்டிமார் நனைந்த குழந்தைகளை மடியில் வைத்துப் பால் புகட்டினார்கள். அந்தக் கிராமத்துக் குடும்பங்கள் பலவும் 1922-இல் எதிர்க்கரையிலிருந்து அதேபோலப் படகில் தப்பி வந்தவை. பின்னால் தீவில் முகாம்கள் நிரம்பி, மனிதர்கள் சேற்றில் கிடந்ததும் உண்டு, கோபமும் சண்டையும் வந்ததும் உண்டு. அதையும் மறைக்காமல்தான் சொல்கிறார்கள். ஆனால் முதல் இரவில் கதவைத் திறந்தவர்கள் அவர்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

அங்கிருந்து ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகம், பிறகு இரவுக் கப்பலில் கிரீட். மேல்தளச் சீட்டுத்தான் மலிவு. ஒரு குடும்பம் தங்கள் பாயில் எனக்கும் இடம் விட்டது.

ரெதிம்னோவில் அந்த நீரூற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகவே இல்லை. வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தில், 1626-இல் கட்டியது. ரிமோண்டி நீரூற்று என்கிறார்கள். தூண்களுக்கு நடுவே மூன்று சிங்க முகங்கள், வாயிலிருந்து இன்றைக்கும் தண்ணீர் விழுகிறது. படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன். உடனே வீடியோவில் கூப்பிட்டாள், பக்கத்தில் பாட்டி. போனைத் தண்ணீர் அருகே பிடித்தேன். அந்த அம்மா கிரேக்க மொழியில் என்னவோ சொன்னார். பக்கத்துக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தே வந்துவிட்டார். அவர் காதில் விழுந்தது கிரீட்டின் பழைய பேச்சு, அவருடைய ஆச்சி காலத்துப் பேச்சு. இரண்டு பேரும் என் போனில் பேசினார்கள், நான் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய மனைவியின் குடும்பம் இஸ்மீர் பக்கத்திலிருந்து வந்ததாம். பாப்பா, அந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று எவ்வளவு நினைத்தேன் தெரியுமா!

அன்றைக்கு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிய காட்டுக் கீரை, அய்வலிக்கில் சாப்பிட்ட அதே ருசி. நான் கறி சாப்பிடுவதில்லை என்றதும் அவர்கள் திகைக்கவே இல்லை. ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியில் கிட்டத்தட்ட பாதி நாட்கள் விரத நாட்கள், அந்த விரதச் சமையல் எது என்று கேட்டு வாங்கினால் நமக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. அக்டோபர் கடைசி என்பதால் சாயங்காலம் ஊருக்கு வெளியே சாராயம் காய்ச்சுகிற இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். திராட்சை பிழிந்த சக்கையை ஊற வைத்துச் செப்பு அண்டாவில் காய்ச்சுகிறார்கள். ஊரே கூடுகிறது, தணலில் உருளைக்கிழங்கு சுடுகிறது. எனக்குக் குவளை நீட்டியவரிடம் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தேன். அவரும் நெஞ்சில் கைவைத்துவிட்டு, மாதுளம்பழம் ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்தார்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன்.

அந்தப் பேத்தி ஜனவரியில் இந்தியா வருகிறாள். மாமல்லபுரமும், தஞ்சாவூர்ப் பெரிய கோயிலும், மதுரையும் பார்க்க வேண்டுமாம். விசா, விமானச் சீட்டெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். சென்னையில் எங்கே தங்குவாய் என்று கேட்டேன், விடுதி பார்க்கிறேன் என்றாள். என் மகள் வீடு இருக்கிறது என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை, உன்னைக் கேட்காமல் சொல்லக்கூடாது. வீடு உன்னுடையது, மாப்பிள்ளையுடையது. அவரிடமும் பேசிவிட்டுச் சொல். முடியாது என்றால் அதையும் தயங்காமல் சொல், பேச்சுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். நான் டிசம்பரில் வந்துவிடுவேன், திண்டுக்கல்லுக்கு அவளை நானே கூட்டிக்கொண்டு போவேன். சென்னையில் இருக்கிற நாட்களுக்குத்தான் கேட்கிறேன்.

உனக்கு அவள் முகம் தெரியாத பெண்தான். அதனால் அவள் எண்ணுக்கு நீயே ஒருமுறை வீடியோவில் பேசிப் பார். அவளுடைய அம்மாவும் உன்னோடு பேச வேண்டும் என்று நினைப்பாள். அவளுக்கும் மகளை அனுப்புகிற பயம் இருக்கும் அல்லவா?

ரெதிம்னோ பெரியவர் அய்வலிக் அம்மாவுக்காக ஒரு பாட்டில் தைம் தேன் கொடுத்திருக்கிறார். கிரீட் மலைத் தேன். இங்கிருந்து தபாலில் அனுப்பப் பார்த்தேன், நாடு விட்டு நாடு ஏகப்பட்ட படிவம் கேட்டார்கள். சென்னைக்கு எடுத்து வந்து பேத்தி கையிலேயே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அவள் வருவதாக இருந்தால் சின்ன அறையில் இருக்கிற அட்டைப் பெட்டிகளை எடுத்துவிடு. மெத்தையை ஒரு நாள் வெயிலில் போடு. அவளுக்குக் காரம் ஆகாது, தேநீரில் பால் வேண்டாம். பொங்கல் சமயத்தில் வந்தால் நல்லது, தேதி கேட்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு.

அன்புடன்,
அம்மா