நாற்காலி போட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் பிள்ளைகளுக்கும்,

நல்ல படங்களைத் தருவித்துச் சேர்ந்து பார்க்கும் எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம், இப்படிப்பட்ட சங்கங்களின் விருதுகளைப் பற்றித் தேவாலய மண்டபத்தில் வைத்த சுவர்க் கண்காட்சி போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதத்தை மண்டப வாசலில் ஒட்டியாயிற்று. ஆனால் இந்த வேலையில் பாதி, இங்கே இங்கிலாந்தின் வடக்கில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் செய்தது. அதைத் தமிழில் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

1925 அக்டோபர் 25 அன்று லண்டன் ரீஜண்ட் தெருவில், நியூ கேலரி என்ற அரங்கில், 'ஃபிலிம் சொசைட்டி' என்ற திரைப்படச் சங்கம் தன் முதல் காட்சியை நடத்தியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஐவர் மாண்டேகுவுக்கு அப்போது வயது 21. எழுத்தாளர்கள் பெர்னார்ட் ஷாவும் எச். ஜி. வெல்ஸும் அதற்கு ஆதரவு தந்தார்கள். இந்த நாட்டில் பொதுமக்களுக்குக் காட்டத் தடை செய்யப்பட்டிருந்த 'பொட்டெம்கின்' என்ற சோவியத் படத்தை 1929 நவம்பரில் தன் உறுப்பினர்களுக்குக் காட்டியதும் அந்தச் சங்கம்தான். நூற்றாண்டை ஒட்டி நாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தபோது, சங்கங்களுக்குக் கிடைத்த விருதுகளின் கதையைச் சொல்லலாம் என்றேன். "விருதா? அதில் என்ன இருக்கிறது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

நடிகருக்கும் இயக்குநருக்கும் விருது எங்கும் உண்டு. படத்தை ஊருக்குக் கொண்டுவந்து, நாற்காலி போட்டு, திரை கட்டி, முடிந்ததும் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள்? இந்த நாட்டில் கொடுக்கிறார்கள். 1946இல் தொடங்கிய திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு, இன்று ஷெஃபீல்டிலிருந்து 'சினிமா ஃபார் ஆல்' என்ற பெயரில் இயங்குகிறது. ஆண்டின் சிறந்த சங்கத்துக்கு அது தரும் பரிசுக்கு எங்ஹோம் பரிசு என்று பெயர். நல்ல படத்தேர்வுக்கும், புதிதாக முளைத்த சங்கத்துக்கும், ஒரே ஒரு நாள் நிகழ்ச்சியை அழகாக நடத்தியதற்கும்கூடத் தனித்தனியே பாராட்டு உண்டு. சம்பளம் வாங்காமல் செய்கிற வேலையை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்து மதிக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, நன்றிக்கு வருகிறேன்.

சங்கத்தின் முன்னாள் செயலாளர் வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதை மழையில் நனையாமல் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்த அண்ணனுக்கு முதல் நன்றி. உள்ளே உறுப்பினர் அட்டைகள், தட்டச்சு செய்த படக் குறிப்புகள், 16 மி.மீ. ரீல் வாடகைக்கு எடுத்த ரசீதுகள், அடியில் மைமங்கிய ஒரு பாராட்டுச் சான்றிதழ். அந்தச் சான்றிதழைக் கையில் எடுத்தபோது செயலாளரின் மனைவி அழுதுவிட்டார். கூட வந்திருந்த அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா, அன்று உங்களால்தான் அந்த அம்மா பெட்டியை எங்களை நம்பிக் கொடுத்தார்.

திறப்பு நாளுக்கு முந்தைய இரவு பழைய ப்ரொஜெக்டரின் பல்பு போய்விட்டது. அந்த வகைப் பல்பு இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. நாலைந்து பேருக்கு ஃபோன் போட்டு, 40 மைல் தள்ளி ஒருவரிடம் கண்டுபிடித்து, விடிவதற்குள் கொண்டுவந்து சேர்த்த தம்பிக்கு என்ன சொல்வது! காலையில் அந்த இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியதும் மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அது உனக்கானது.

நம் பக்கத்துக் கதைக்கும் ஒரு சுவர் ஒதுக்கச் சொன்னது வாசகசாலை மாமா. 1947இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி, 1959இல் சென்னை உட்பட இந்தியச் சங்கங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு, அதன் துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அம்மு சுவாமிநாதன் எல்லாம் அதில் இடம் பெற்றார்கள். சங்கங்கள் விருது கொடுக்கவும் செய்கின்றன என்பதை அங்கேதான் எழுதி வைத்தோம். திரைப்படச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு அனுப்பும் நடுவர்கள் திரைப்பட விழாக்களில் தரும் டான் கிஹோத்தே பரிசு அப்படிப்பட்டது. ஓர் ஊரில் நாற்காலி தூக்குகிறவரே இன்னொரு ஊரில் நடுவராக உட்காரலாம். அந்தச் சுவரின் முன்னால்தான் பிள்ளைகள் அதிக நேரம் நின்றார்கள்.

அப்புறம், மூன்று நாளும் ரோல்ஸும் வடையும் தேநீரும் தந்த அக்காமார். தலைப்புகளைத் தமிழில் அழகாக எழுதிய இரண்டு பெண் பிள்ளைகள். 80 நாற்காலிகளையும் போட்டு, கடைசியில் அடுக்கி வைத்த பையன்கள். இந்த வருட விருது விண்ணப்பத்தில் உங்கள் வேலையைப் பற்றித்தான் முதல் பத்தியில் எழுதியிருக்கிறேன்.

தகரப் பெட்டியை வரும் சனிக்கிழமை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். சான்றிதழுக்குப் புதுச் சட்டம் போட்டாயிற்று. கூட வர விரும்புகிறவர்கள் பத்து மணிக்கு மண்டப வாசலுக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சங்கத் தோழர்