புகைப்படக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வெப்பமண்டலப் பட்டாம்பூச்சிக் கூடத்துக்குப் போய்வந்ததைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயாததால், அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரே வெக்கை, ஈரம். குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கி நேரே உள்ளே போனவர்களின் லென்ஸில் ஆவி படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. கேமராவை மூடிய பையிலேயே வைத்துச் சூடேற விட்டவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நீல மார்ஃபோ என்ற பட்டாம்பூச்சியைத்தான் பலரும் துரத்தினார்கள். பறக்கும்போது பளீரென்று நீலம். உட்கார்ந்ததும் சிறகை மூடிக்கொள்ளும், கண்புள்ளி போட்ட பழுப்பு அடிப்புறம்தான் தெரியும். அந்த நீலம் சாயமல்ல. சிறகுச் செதில்களின் நுண்ணிய வரிகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. அதனால் கோணம் மாறினால் படத்தில் நிறமும் மாறிவிடுகிறது. துரத்தியவர்களுக்குக் கலங்கல்தான் மிஞ்சியது. பழத்தட்டருகே பேசாமல் குந்தியிருந்தவர்களுக்கோ ஆந்தைப் பட்டாம்பூச்சி வாகாகக் கிடைத்தது. அழுகிய பழத்தில் வாய்வைத்துவிட்டால் அது லேசில் நகர்வதில்லை. மூடிய சிறகுக்கு இணையாக கேமராவைப் பிடித்து, லென்ஸின் துளை அளவை எஃப் 8 அல்லது 11-இல் வைத்தால் சிறகு முழுவதும் துல்லியமாக விழும். புதியவர்கள் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ‘பேப்பர் கைட்’டிலிருந்து தொடங்கலாம்; பறப்பதே நிதானமாகத்தான்.

பண்ணைகளிலிருந்து தருவித்த கூட்டுப்புழுக்களை வரிசையாகத் தொங்கவிட்ட அலமாரிதான் எனக்குப் பிடித்த இடம். வெளிவந்ததும் சிறகு கசங்கிக் கிடக்கும். உடல் திரவத்தை அதற்குள் செலுத்தி விரித்து, தொங்கியபடியே உலர்த்திக்கொள்ளும். அட்லஸ் அந்துப்பூச்சிக்கு உண்ணும் வாயே கிடையாது. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பில் ஓரிரு வாரம் வாழ்ந்து முடிகிறது. வெளியேறும்போது சட்டை, பையெல்லாம் பார்த்துத்தான் விட்டார்கள். அயல் இனம் ஒன்று ஒட்டிக்கொண்டு வெளியே போனால் வம்பு. அதை யாரும் சலிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, இழுபறியாக நிற்கும் விஷயம். இந்தப் படங்கள் நம் ஆண்டுப் போட்டியின் காட்டுயிர்ப் பிரிவுக்கு வந்துள்ளன. சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் ஏற்ற பொது வரையறைப்படி, தடையின்றித் திரியும் உயிர்களே காட்டுயிர். கூண்டிலும் அடைப்பிலும் எடுத்தவை அதில் சேரா. “உழைப்பு ஒன்றுதானே” என்று சிலர் கேட்டார்கள். உழைப்பை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் படத்தைப் பார்ப்பவர் அதைக் காட்டில் எடுத்ததாக நம்பிப் போவது சரியாகாது என்பது என் கருத்து. ஆகவே இவற்றை இயற்கைப் பிரிவுக்கு மாற்றவும், ‘கூடத்தில் எடுத்தது’ என்று தலைப்பின் கீழ் குறிக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

இப்பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்