வெள்ளத்தில் போன மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இதழில் பருவமழைக்கான தன்னார்வலர் பயிற்சி பற்றி முழுப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். கயிறு கட்டுவது, படகில் ஏற்றுவது, பாம்புக்கடிக்கு முதலுதவி என்று உபயோகமான விவரங்கள். ஆனால் கடைசிப் பத்தியில், எச்ஐவி மாதிரியான விஷயங்களை வெள்ளம் வடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் பதினாறு வருடம் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையத்தில் ஆலோசகராக இருந்தவள். 2015 டிசம்பர் 1 உங்களுக்கு மறந்திருக்காது. உலக எய்ட்ஸ் தினம். மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியதால் பக்கத்துப் பள்ளிக்கூட முகாமுக்குப் போனோம். மூன்றாம் நாள் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அக்கா, மாத்திரை எல்லாம் தண்ணியோட போயிடுச்சு" என்றாள்.

முகாமில் மருந்து மேசை இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன், "என்ன மாத்திரைம்மா, பேரைச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான். அவளுக்குப் பின்னால் வரிசையில் அவள் தெருக்காரர்கள். காய்ச்சல் என்று சொல்லி, பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். மறுநாளும் போயிருக்கிறாள். மறுநாளும் பாராசிட்டமால்தான்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் கிடையாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுத்துவைக்கச் சொன்னவர்கள், இப்படியும் ஒருத்தர் வந்து நிற்பார், அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எச்ஐவியை அடக்கிவைக்கும் ஏஆர்டி மாத்திரையை நாள் தவறாமல் போட வேண்டும். நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி பெருகும். விட்டு விட்டுப் போட்டால் அந்த மருந்துக்கே கட்டுப்படாமல் போகலாம். வெள்ளம் வடியும் வரை பொறு என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது?

மாத்திரை மட்டும் இல்லை. முகாமில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தன் கையில் குத்திவிட்ட செவிலியருக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கும் தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு 28 நாள் தொடர வேண்டும். தொற்றுள்ள தாய் கைக்குழந்தையோடு முகாமுக்கு வந்திருப்பாள். நல்ல மனசோடு யாரோ பால் பவுடர் டப்பாவைக் கொடுப்பார்கள். முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பாலையும் பவுடர் பாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு கூடும் என்பது கொடுக்கிறவர்களுக்குத் தெரியாது. முகாமில் வயிற்றுப்போக்கு வேறு. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த குழு, பேரிடர் நேரத்தில் எச்ஐவி தொடர்பாக என்னென்ன செய்ய வேண்டும் என்று 2010-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. நான் போன ஒரு பயிற்சியிலும் அதிலிருந்து ஒரு பக்கத்தைக்கூடத் தமிழில் கையில் கொடுத்ததில்லை.

இந்தியாவில் இந்த வைரஸை முதன்முதலில் கண்டறிந்தது 1986-ல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும்தான் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரிலிருந்து வரும் பத்திரிகை இன்னமும் தலைப்பில் 'உயிர்க்கொல்லி நோய்' என்று போடுகிறது. நாலு வருடத்துக்கு முன்பு எச்ஐவி பற்றி ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. ஆனால் அந்த வார்த்தையைப் பற்றி எழுதியிருந்த இரண்டு வரியை எடுத்துவிட்டீர்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, பிள்ளைகளைக் கல்யாணம் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தி பார்த்தவர்களை எனக்குத் தெரியும். தலைப்பைப் பார்த்துவிட்டு அவர்கள் பேப்பரை மடித்து வைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

முகாம் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் நோயை எழுதிவைக்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டப்படி, ஒருவருடைய நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வெள்ளம் வந்தால் சட்டம் ஓய்வெடுத்துக்கொள்வதில்லை.

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2020 ஊரடங்கில் இரண்டு மூன்று மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுத்தார்கள். கள ஊழியர்கள் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே ஏற்பாட்டை ஐப்பசி பிறக்கும் முன் செய்யலாம்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'மழைக்கு முன் பையில் எடுத்துவைக்க வேண்டியவை' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். டார்ச், ரேஷன் கார்டு, சர்க்கரை மாத்திரை எல்லாம் இருந்தது. அடுத்த இதழில் அதையே இன்னொரு முறை வெளியிட்டு, ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்: ஏஆர்டி மாத்திரை, ஏஆர்டி சிகிச்சைப் புத்தகம், எச்ஐவி உதவி எண் 1097. இந்த முறை அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலோசகர், தாம்பரம்
(பெயர் வெளியிட வேண்டாம். என்னிடம் வந்தவர்களை என் பெயரை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்கள்.)