ரோஸ்மேரி மூணு தொட்டி இருக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். போன்ல ரெண்டு நிமிசத்துக்கு மேல நீயும் பேச மாட்டேங்குற, எனக்கும் வாய் வர மாட்டேங்குது. அதான் பேப்பர் எடுத்தேன்.

முதல்ல உன் ரோஸ்மேரி. பொங்கலுக்கு வந்தப்ப, "வீடு மாத்துறேன்ப்பா, கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்"னு ரெண்டு தொட்டிய வச்சிட்டுப் போனியே, அதுல ஒண்ணு வைகாசியிலயே செத்துப்போச்சு. நீ கேக்குறப்பல்லாம் நல்லாருக்குன்னு நான் சொன்னது பொய்.

எல்லாம் தண்ணியாலதான். சித்திரை வெயில்ல மொட்டமாடியில கால் வைக்க முடியல, செடி எப்படித் தாங்கும்னு காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு ஊத்துனேன். அடியில தட்டு வேற. தட்டுல தண்ணி நின்னா எனக்கு ஒரு நிம்மதி. அடியில இருந்த இலையெல்லாம் பழுத்துச்சு. காஞ்சு வாடுதுன்னு இன்னொரு செம்பு ஊத்துனேன். கடைசியில பிடுங்கிப் பாத்தா வேர் கறுத்துப்போயி, தொட்டதும் தோல் தனியா வழுவிக்கிட்டு வருது, சாக்கடை நாத்தம். தண்ணி இல்லாம வாடுறதும் அழுகி வாடுறதும் மேல பாக்க ஒண்ணாத்தான் இருக்கு. மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாக்கணுமாம். ரெண்டு கணு ஆழத்துக்குக் காஞ்சிருந்தாத்தான் தண்ணி. எனக்கு யாரு சொன்னா?

அப்புறம் சொன்னான், மாடி வீட்டுக்குக் குடி வந்திருக்கிற பையன். ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில படிக்கிறான். இது மத்தியதரைக்கடல் ஓரத்துல கல்லுங்கரடுமா கெடக்கிற எடத்துல தானா வளர்ற செடியாம். நம்ம துளசி, புதினா வகையறாதானாம். அவன் பேச்சக் கேட்டு மிச்சமிருந்த செடிய பிளாஸ்டிக்ல இருந்து எடுத்து மானாமதுரை மண்தொட்டிக்கு மாத்துனேன். செம்மண்ணு பாதி, பெருமணல் பாதி, தொழுஉரம் ஒரே ஒரு கை. தட்டத் தூக்கி எறிஞ்சாச்சு. உச்சிவேளை வரைக்கும் வெயில், அதுக்கு மேல முருங்கை நிழல். இப்ப ஐப்பசி மழைக்கு சன்ஷேடுக்கு அடியில தள்ளி வச்சிருக்கேன்.

ஆவணியில நுனிக்கொழுந்தா ஆறு வெட்டி, அடி இலைய உருவிட்டு ஈரமணல்ல குத்தி வச்சேன். ஆறு வாரம் அசையவே இல்ல. ரெண்டு பிடிச்சிருச்சு. ஆக மூணு தொட்டி இருக்கு. மல்லிய கார்த்திகையில முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணுவோமே, அப்படி இதப் பண்ணிராத. இலையில்லாத பழைய கட்டை வரைக்கும் வெட்டுனா இது திரும்பத் துளுக்காது. பச்ச நுனியத்தான் கிள்ளணும்.

நீ புது வீட்டுல வச்சிருந்தீன்னா தண்ணி கம்மியா ஊத்து. பெங்களூர் குளுருக்கு வாரத்துக்கு ஒருக்கா போதும். நேரத்துக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு வந்தப்ப உன் தலைய வாரிவிட்டுட்டு சீப்பப் பாத்த அம்மா ஒண்ணும் பேசல. இப்ப இந்த இலையக் கொதிக்கவச்சு பாட்டில்ல ரொப்பி ஃபிரிட்ஜ்ல வைக்கிறா, நீ வந்தா தலையில தெளிச்சுக்கலாம்னு. நீ வரல. நாலு நாளானா கொட்டிட்டு மறுபடி கொதிக்க வைக்கிறா. வீடு பூரா தைல வாசம்.

உனக்குப் பிரமோஷன் வந்தது சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியுது. தெருவுல எல்லார்கிட்டயும் நீயே எங்கிட்ட சொன்ன மாதிரி சொல்லிக்கிட்டேன். பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா நீ சொல்லியிருக்கலாம்.

அந்தப் பையன் இன்னொண்ணும் சொன்னான். 2017-ல ரோஸ்மேரிக்குப் பேர மாத்திட்டாங்களாம். ரோஸ்மரினஸ்னு தனி வகையா இருந்தத சால்வியாங்கிற இன்னொரு செடி வகையோட சேத்துட்டாங்களாம். கேட்டதும் உன் ஞாபகம். கல்யாணமான மறுமாசமே ஆதார்ல மாப்ள பேரச் சேக்கச் சொல்லி உன்ன அலைய விட்டவன் நாந்தானே. போன மாசம் எனக்கு பிரஷர் மாத்திரை அனுப்புனேல்ல, அந்தக் கூரியர் கவர்ல அனுப்புநர் பேருக்கு முன்னாடி என் இனிஷியல் இருந்துச்சு. கவரக் கிழிக்காம ஓரத்த மட்டும் வெட்டி பீரோவுல வச்சிருக்கேன். பொங்கலப்ப "வீடு மாத்துறோம்"னு சொல்லாம "மாத்துறேன்"னு சொன்னதையும் நான் கவனிச்சேன் பாப்பா.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆடி மாசத்துல, ராத்திரி பதினொரு மணிக்கு நீ போன் பண்ணின. "அப்பா, நான் அங்கயே வந்துரட்டா?"ன்ன. நான் என்ன ஏதுன்னு கேக்கல. "தூங்கு, காலையில பேசுவோம்"னு வச்சிட்டேன். காலையில நான் கூப்பிடல. போன கையிலயே வச்சுக்கிட்டு ஒம்பது மணி வரைக்கும் திண்ணையில உக்காந்திருந்தேன், கூப்பிடல. மத்தியானம் நீ அம்மாகிட்ட ஏதோ சிரிச்சுப் பேசின. சரியாப்போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது எனக்கு வசதியா இருந்துச்சு. அம்மாவுக்கு இந்த விசயம் இன்னிக்கு வரைக்கும் தெரியாது. என்ன கேப்பாங்க, யாரு கேப்பாங்கன்னு நான் பயந்துட்டேன். அம்புட்டுத்தான். வேற ஒரு காரணமும் இல்ல.

பின்பக்க ரூமுல இருந்த அரிசி மூட்டையெல்லாம் எடுத்தாச்சு. வெள்ளையடிச்சு, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டிருக்கேன். ரோஸ்மேரிக்குக் காத்து வேணும்ல, இல்லேன்னா இலையில மாவுப்பூச்சு மாதிரி சாம்பல் பிடிக்குமாம். ஜன்னலோரமா வைக்கலாம்னுதான்.

தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மா நேத்து விளக்குத்தூண் போனா. மாப்ளைக்கு வேட்டி என்ன கரையில எடுக்கன்னு ஒரு வாரமா எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தவ, உனக்கு மட்டும் எடுத்துட்டு வந்தா. நானும் ஒண்ணும் கேக்கல.

அப்பா

பி.கு: செடிய பஸ்ல, பார்சல்ல எல்லாம் அனுப்ப மாட்டேன். நீதான் வந்து எடுத்துக்கணும். எந்த வண்டின்னு மட்டும் சொல்லு, விடியக்காலமானாலும் ஸ்டேஷனுக்கு வந்துருவேன்.