இரண்டாம் பக்கம் தள்ளாடுகிறது: ஜாஸ் ஆர்கன் இசைத்தட்டு பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குறையுள்ள எல்.பி. தட்டுக்கு வேறு தட்டு அல்லது பணம் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஜாஸ் ஆர்கன் குழு ஒன்று பழைய ஸ்டாண்டர்டுகளை (ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கும் பிரபலப் பாட்டுகளை) வாசித்த எல்.பி.யைப் போன மாதம் உங்களிடம் 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஹாமண்ட் பி-3 ஆர்கன், டெனர் சாக்ஸபோன், கிட்டார், டிரம்ஸ். பாஸ் என்ற அடிநாதம் வாசிக்கத் தனி ஆள் இல்லை. ஆர்கன்காரரே இடக்கையாலும் கால்கட்டைகளாலும் அதையும் பார்த்துக்கொள்கிறார். முதல் பக்கம் அருமை. அந்த பாஸ் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி வரை வந்து அதிர்ந்தது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். முதல் பாட்டே ‘பாடி அண்ட் சோல்’. சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸ் 1939-ல் பதிவு செய்த நாளிலிருந்து சாக்ஸபோன்காரர்களுக்கு அதுதான் உரைகல். ஆர்கன் ஒரு நீண்ட கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) பிடித்து நிறுத்த, அதன்மேல் சாக்ஸபோன் மெல்ல நுழையும் இடம். அங்கே சுருதி ஏறி இறங்குகிறது, விடாமல். அடுப்படியில் இருந்த என் மனைவியே, “ஏங்க, ஸ்பீடு கூடிக் கூடிக் குறையுதே, மெஷின்ல ஏதாவது கோளாறா?” என்று கேட்டாள்.

மெஷினில் கோளாறு இல்லை. வேறு பத்துத் தட்டுகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் மாற்றி அனுப்பிய இரண்டாவது தட்டிலும் அதே பக்கம், அதே தள்ளாட்டம். அப்புறம் உங்களிடமிருந்து வந்த பதில்தான் என்னை மிகவும் வருத்தியது: “ஆர்கன் இசையில் இந்த அலைவு இயல்பு, அது லெஸ்லி ஒலிபெருக்கியின் விளைவு.”

லெஸ்லியை எனக்குத் தெரியும். ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் மேலே கொம்பும் கீழே உருளையும் சுழல்வதால் ஆர்கனின் ஒலி அலையும் அழகு அது. அதன் மெதுவான சுழற்சி எல்.பி.யின் வேகத்துக்கு அவ்வளவு தூரமில்லை என்பதால் உங்கள் ஊழியர் குழம்பியிருக்கலாம். ஆனால் சாக்ஸபோன் லெஸ்லி வழியாக வருவதில்லையே! அதுவும் ஆர்கனோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஆர்கன்காரர் லெஸ்லியை வேகத்துக்கு மாற்றும் இடத்திலும் இந்தத் தள்ளாட்டம் மட்டும் மாறாமல் அப்படியே தொடர்கிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பத்து ஏற்ற இறக்கத்துக்கு 18 வினாடி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் சரியாக 1.8 வினாடி.

இன்னொன்று. ஹாமண்ட் பி-3-க்குள் ஸ்வரங்களை உண்டாக்கும் 91 பல்சக்கரங்களைச் சுழற்றுவது மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டிய மோட்டார். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். சுருதி நகராமல் நிற்பதற்குப் பேர்போன வாத்தியம் அது. அதன்மேல் இந்தப் பழியைப் போடலாமா?

டார்ச் அடித்து ஊசிமுனையைப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஊசிக்கை சீராக உள்ளே நகர்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே போய் வெளியே வந்து, தூளி மாதிரி ஆடுகிறது. தட்டை அச்சடிக்கும்போது அந்தப் பக்கத்து அச்சு நடுத்துளையிலிருந்து விலகிப் போயிருக்கிறது. இரண்டு தட்டிலும் ஒரே குறை என்றால் அந்தத் தொகுதியையே நீங்கள் சோதித்தாக வேண்டும். வேகமான பாட்டில் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். நீண்ட ஸ்வரம் நிற்கும் ‘பாலட்’ என்ற மெதுவான பாட்டில் தப்பவே முடியாது. அந்தப் பாட்டுக்காகத்தான் நான் இந்தத் தட்டை வாங்கினேன்.

ஆகவே வேறு அச்சுத் தொகுதியிலிருந்து ஒரு தட்டை, இரண்டாம் பக்கத்தை உங்கள் ஆள் ஒருவர் முழுதாகக் கேட்டுப் பார்த்த பிறகு, அனுப்பி வையுங்கள். அப்படி இல்லையென்றால் 4,200 ரூபாயையும் இரண்டு தட்டுகளையும் திருப்பி அனுப்பும் செலவையும் கொடுத்துவிடுங்கள். ஊசிக்கை ஆடுவதைப் படமெடுத்த வீடியோவையும் ரசீது நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்