உப்சாலாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கு அம்மா, தம்பி எல்லோரும் நலமா? போனில் "அங்க என்னதான்மா வேலை பாக்குற, கேக்குறவங்களுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டீர்கள், அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. எழுதினால்தான் நிதானமாகச் சொல்ல முடியும்.

முதலில் ஊர். ஸ்வீடனின் குளிர் பழகிவிட்டது, இருட்டு பழகவில்லை. டிசம்பரில் மதியம் மூன்று மணிக்கு முன்பே சூரியன் போய்விடுகிறது. காலையிலும் மதியமும் எல்லோரும் வேலையை வைத்துவிட்டுக் காபிக்குக் கூடுவார்கள். பேராசிரியரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்னும் வாய் வரமாட்டேன் என்கிறது.

சரி, வேலை. சூரியனிலிருந்து புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன, அதுதான் சூரியக் காற்று. பூமியின் காந்தப்புலம் அதற்கு வழி விடாது. தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது பாலத் தூணுக்கு முன்னால் தண்ணீர் மேடுகட்டி இரண்டு பக்கமும் பிரியுமே, அதுபோல பூமிக்கு முன்னால் ஏறக்குறைய 90,000 கிலோமீட்டரில் ஓர் எல்லை இருக்கிறது, பவ் ஷாக் என்பார்கள். ஆனால் தண்ணீரில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டி வேகம் இழக்கும். அங்கே முட்டுவதற்கே ஆள் இல்லை அப்பா! ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்தாறு புரோட்டான்தான், 15 கோடி கிலோமீட்டர் வருவதற்குள் ஒரு துகள் ஒரே ஒரு தடவை மோதினாலே பெரிது. இருந்தும் அந்த எல்லையில் காற்று சட்டென்று வேகம் குறைந்து, சூடேறி, ஒதுங்கிப் போகிறது. மோதலே இல்லாமல் அதைத் தடுத்து நிறுத்துபவை மின்புலமும் காந்தப்புலமும், அவற்றில் எழும் பிளாஸ்மா அலைகளும் (மின்னூட்டத் துகள்களின் இந்தக் கூட்டத்தைத்தான் பிளாஸ்மா என்பார்கள்). இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் இந்தத் துறையை விடமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

நான் பார்ப்பது அந்த எல்லைக்குச் சற்று முன்னால். சில அயனிகள், பெரும்பாலும் அந்தப் புரோட்டான்கள்தான், அங்கே பட்டுத் திரும்பி, காந்தப்புலக் கோடுகள் வழியே சூரியன் பக்கமாக ஓடும். எதிரெதிராக இரண்டு ஓட்டம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் சும்மா இருக்குமா, அலை கிளம்பும், ஏறக்குறைய 30 விநாடிக்கு ஒரு ஏற்ற இறக்கம். அலையும் சூரியன் பக்கம் போகத்தான் பார்க்கும், காற்று அதைவிட வேகம் என்பதால் பூமி பக்கமே இழுத்து வந்துவிடும்.

இதை அளந்தது ஐரோப்பாவின் கிளஸ்டர் விண்கலங்கள், நான்கு. ஒன்று மட்டும் இருந்தால் அலை நம்மைக் கடந்து போகிறதா, நின்ற இடத்திலேயே மாறுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது, நான்கு இருந்தால் திசையும் வேகமும் கிடைக்கும். 1996இல் முதல் நான்கும் ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் வெடித்துப் போயின. விடவில்லை, மறுபடி கட்டி 2000இல் அனுப்பினார்கள். மின்புலத்தை அளக்கும் கருவிக்குப் பொறுப்பு எங்கள் உப்சாலா விண்வெளி ஆய்வு நிலையம்தான். கம்பி முனைகளில் சிறு உருண்டைகள், எதிரெதிர் உருண்டைகளுக்கு இடையே 88 மீட்டர். 2024 செப்டம்பரில் அவற்றின் பணி முடிந்துவிட்டது, ஆனால் அந்தப் பதிவுகளில் இன்னும் யாரும் சரியாகப் பார்க்காத நாட்கள் எவ்வளவோ உண்டு, நான் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அலைகள் எல்லையைத் தாண்டி எப்படி உள்ளே வருகின்றன என்பது வெகுநாள் புதிர். அலை அப்படியே நுழைவதில்லை, எல்லையையே ஆட்டி மறுபுறம் புது அலைகளை எழுப்புகிறது என்று ஹெல்சிங்கியிலுள்ள லூசில் துர்க் குழுவினர் 2022இல் காட்டினார்கள். அப்புறம் அந்தத் துடிப்பு தரை வரை வந்துவிடும், காந்த நடுக்கோட்டுக்கு அருகில்கூடப் பகலில் பதிவாகும். நம் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறதே, அந்த மாதிரி இடங்களில் காந்தப்புலத்தை அளப்பது இதற்கெல்லாம்தான். இதே உப்சாலாவில் 1741இல் ஹியோர்ட்டர் என்பவர், செல்சியஸோடு வேலை பார்த்தவர், வானில் துருவ ஒளி தோன்றும்போது காந்த ஊசியும் ஆடுவதைக் கண்டார்.

இப்போது பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நம் இந்திய விண்கலம் ஆதித்யா எல்-1 நின்று சூரியக் காற்றை அளக்கிறது, அங்கே பட்ட காற்று நம்மிடம் வர ஒரு மணி நேரம்போல ஆகும். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

தம்பியை இந்த விடுமுறையில் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவனுக்குப் படம் போட்டு விளக்குகிறேன். நீங்கள் பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்