சங்கக் கட்டடப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு இவ்வாண்டும் மாதந்தோறும் தவறாமல் கூடியது. சந்தா வசூல், தணிக்கை விவரங்களைப் பொருளாளர் தம் அறிக்கையில் தெரிவிப்பார். ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, நம் புதிய கட்டடத்துக்குத் திட்ட மேலாளர் ஒருவரை நியமித்த வேலையே என்பதால், அதை மட்டும் இங்கே சமர்ப்பிக்கிறேன்.

வரைபடம் போட ஆர்க்கிடெக்ட் இருக்கிறார், கட்டித்தர ஒப்பந்ததாரர் வருவார், இடையில் இன்னொருவருக்கு எதற்குச் சம்பளம் என்று சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நானும் அப்போது அதே எண்ணத்தில்தான் இருந்தேன். சுற்றுச்சுவர் வேலையின்போது அது மாறியது. குழு உறுப்பினர் ஒருவர் காலையில் கேட்டைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்க, விவரம் அறியாமல் மாலையில் போன நான் பழைய இடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி இருவர் பேச்சையும் தட்டாமல் ஒரு தூணைக் கட்டி, இடித்து, மறுபடி கட்டினார். அந்தக் கூலி 'கூடுதல் வேலை' என்று பில்லில் ஏறியபோது, மறுத்துப் பேச நம்மிடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

நேர்காணலில் சான்றிதழ்களைப் பார்த்ததோடு நிற்காமல், நம் வரைபடங்களையே மேசையில் விரித்து, இவற்றில் என்ன குறை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். பலர் முகப்பின் அழகைப் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் கட்டட வரைபடத்தின் மேல், தூண்களையும் பாரம் தாங்கும் பீம்களையும் காட்டும் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மாடிக் கழிவறையின் குழாய் நேராக ஒரு பீமுக்குள் இறங்குவதைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். அவர் முன்பு வேலை பார்த்த கட்டடங்களின் உரிமையாளர்களிடம் விசாரித்த பின், அவரையே நியமித்தோம்.

ஊதியத்தைப் பற்றிக் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசினால், செலவைக் குறைக்க வேண்டியவரின் வருமானம் செலவோடு சேர்ந்து ஏறும். வெறும் மாதச் சம்பளம் என்றால், வேலை இழுக்க இழுக்க அவருக்கு லாபம். ஆகவே ஒரு பகுதியை மாதச் சம்பளமாகவும், மறு பகுதியை அஸ்திவாரம், கூரை, பூச்சு ஆகிய கட்டங்கள் முடியும்போதும் தருவதென்றும், ஒப்பந்ததாரரிடமோ பொருள் விற்பவரிடமோ அவர் எந்தக் கமிஷனும் பெறக்கூடாதென்றும் ஒப்பந்தத்தில் எழுதினோம்.

அவர் முதலில் செய்தது, ஒவ்வொரு வேலையும் பொருளும் எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதும் அளவுப் பட்டியல். எல்லா ஒப்பந்ததாரர்களும் ஒரே பட்டியலுக்கு விலை எழுதிய பிறகுதான், குறைந்த விலை சொன்னவர் முன்பு தந்த விலையில் எவற்றையெல்லாம் விட்டுவிட்டிருந்தார் என்பது தெரிந்தது.

இப்போது அஸ்திவார வேலை நடக்கிறது. கான்கிரீட் கொட்டும் நாளில் 150 மி.மீ. கனசதுர மாதிரிகள் எடுத்து, சிலவற்றை 7ஆம் நாளிலும் மற்றவற்றை 28ஆம் நாளிலும் உடைத்துப் பார்க்கிறார்கள். கான்கிரீட் வழக்கமாக முதல் வாரத்திலேயே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பலத்தை அடைந்துவிடும் என்பதால், கலவையில் கோளாறு இருந்தால் ஒரு மாதம் காத்திராமலே எச்சரிக்கை கிடைத்துவிடும். ஒருநாள், தளர்வாகக் கொட்டட்டும் என்று ஆட்கள் தண்ணீர் சேர்த்த கலவையை, பலம் குறைந்துவிடும் என்று மேலாளர் திருப்பி அனுப்பினார். ஒப்பந்ததாரர் எனக்குப் போன் செய்து வருத்தப்பட்டார். மேலாளரிடமே பேசுங்கள் என்றேன்.

இந்த நியமனத்தை வரைபடங்கள் முடிவாவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். பீம், குழாய் சிக்கலைத் திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்கியதில் வீணான நாட்களுக்குக் குழுவின் தாமதமே காரணம், அதில் என் பங்கும் உண்டு.

உறுப்பினர்கள் எவரும், நான் உட்பட, வேலையிடத்தில் வாய்மொழியாக எதையும் மாற்றச் சொல்லக்கூடாது என்ற தீர்மானத்தையும், கட்டடம் ஒப்படைக்கப்பட்ட பின் குறைகளைச் சரிசெய்யும் காலம் முடிந்து ஒப்பந்ததாரரின் பில்லில் அதற்காக நாம் பிடித்துவைக்கும் நிறுத்திவைப்புத் தொகை விடுவிக்கப்படும் வரை மேலாளரின் பணியை நீட்டிக்கும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்